தொலைவிலிருந்து ஒரு வெப்பச் சோதனை

பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தை மதிப்பிடச் செல்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, 'இன்ன கருவி இருக்கிறதா?' என்பது. பொருளாதாரம் படித்தவனுக்கு வேறொரு கேள்விதான் முதலில் தோன்றும். அந்தக் கருவி ஓர் ஆண்டில் எத்தனை மணி நேரம் இயங்குகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரவியல் துறையிலோ வேதிப் பொறியியல் துறையிலோ வெப்பப் பரிமாற்றச் சோதனைக்கென ஒரு கருவி வாங்கப்படுகிறது. ஒரு பருவத்துக்குப் பதினைந்து வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள்கள், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அது இயங்குவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 450 மணி நேரம். ஓர் ஆண்டில் இருப்பவையோ 8,760 மணி நேரம். ஆக, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய கருவி நூற்றுக்கு ஐந்து பங்கு நேரமே பயன்படுகிறது. மீதி நேரமெல்லாம் அது துணி போர்த்தப்பட்டு மூலையில் நிற்கிறது. எந்த ஆலை முதலாளியும் தன் இயந்திரத்தை இப்படி நிறுத்தி வைக்கத் துணியமாட்டார்.

இது ஒரு முனை. மறுமுனையில், அந்தக் கருவியே இல்லாத கல்லூரிகள் இருக்கின்றன. இருந்தும் பழுதாகிக் கிடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கு படிக்கும் மாணவர் சோதனை செய்யாமலேயே பதிவேடு எழுதுகிறார். முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து அளவுகளைப் பெயர்த்தெழுதும் வழக்கம் நம்மில் யாருக்கும் தெரியாததன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக் குழுவில் உறுப்பினராக ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தேன். வெப்பமானிகள் வந்திறங்கிய உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. மாணவர்களின் பதிவேடுகளில் மட்டும் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள்வரை வெப்பநிலை குறிக்கப்பட்டிருந்தது. ஆய்வகமே தேவைப்படாத ஒரு பாடத்தை வாழ்நாளெல்லாம் நடத்திய எனக்கே அது உறுத்தியது.

ஓரிடத்தில் உறங்கும் கருவி, வேறோரிடத்தில் கருவிக்கு ஏங்கும் மாணவர். இந்த இரண்டையும் இணையத்தால் இணைக்க முடியுமா என்னும் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் தொலைநிலை ஆய்வகம். கருவி ஓர் ஊரில் இருக்கும். மாணவர் தம் ஊரில் கணினி முன் அமர்ந்து, அதன் சூடேற்றியை இயக்குவார், நீரோட்டத்தைக் கூட்டுவார், குறைப்பார். உணரிகள் காட்டும் வெப்பநிலை நொடிக்கு நொடி அவர் திரையில் வந்து விழும்.

இதை மெய்நிகர் ஆய்வகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நடைமுறையில் இரண்டு பெயர்களையும் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். மெய்நிகர் ஆய்வகத்தில் கருவி என்று எதுவும் கிடையாது. சமன்பாடுகளை வைத்துக் கணினி விடையைக் கணக்கிட்டு, அழகான படமாகக் காட்டுகிறது. தொலைநிலை ஆய்வகத்திலோ எங்கோ ஓர் அறையில் உண்மையான தண்ணீர் உண்மையாகவே சூடாகிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு 2009-இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின்கீழ், தில்லி ஐஐடி ஒருங்கிணைப்பில் 'வர்ச்சுவல் லேப்ஸ்' என்னும் திட்டம் உருவானது. அதில் பெரும்பான்மையானவை முதல் வகை. தொலைவிலிருந்து உண்மைக் கருவியை இயக்குபவை சிறுபான்மையே. ஏன் அவை சிறுபான்மையாக இருக்கின்றன என்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

தொலைவில் இருப்பதை இணையத்தில் பார்ப்பது என்னும் எண்ணத்துக்கு ஒரு வேடிக்கையான முன்னோடி உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில், காபிக் குடுவையில் காபி இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்கச் சோம்பல்பட்டவர்கள் 1991-இல் அதன்முன் ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-இல் அந்தப் படம் இணையத்தில் ஏறியது. உலகெங்கும் இருந்தவர்கள் அந்தக் குடுவையைப் பார்த்தார்கள். பார்க்கத்தான் முடிந்தது, ஊற்ற முடியவில்லை. ஊற்றவும் முடிய வேண்டும் என்பதே அடுத்த கட்டம்.

அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் ஹெசூஸ் தெல் அலாமோ 1998-இல், நுண்மின்னணுக் கருவிகளின் இயல்புகளை அளக்கும் ஓர் உபகரணத்தை இணையத்தில் இணைத்து மாணவர்களுக்குத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய 'ஐகேம்பஸ்' திட்டம், இந்த முயற்சியைப் பிற துறைகளுக்கும் விரித்தது. அப்படி வந்தவற்றுள் ஒன்று, வேதிப் பொறியியல் பேராசிரியர் கிளார்க் கோல்டன் முன்னெடுத்த வெப்பப் பரிமாற்றிச் சோதனை. கருவி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்தது. பயன்படுத்தியவர்களுள் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் இருந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. கருவியைச் செய்தது ஆர்ம்ஃபீல்ட் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் என்பது இதில் ஒரு சுவையான முரண்.

வெப்பப் பரிமாற்றி என்றால் என்ன? சூடான நீரும் குளிர்ந்த நீரும் ஒன்றோடொன்று கலக்காமல், ஓர் உலோகச் சுவரின் இரு பக்கங்களிலும் ஓடுகின்றன. வெப்பம் மட்டும் சுவரைக் கடந்து போகிறது. காரின் ரேடியேட்டர், குளிரூட்டியின் பின்புறச் சுருள், ஆவின் பால் பதனிடும் நிலையம், அனல் மின் நிலையத்தின் ராட்சதக் குளிர்விப்பான் எல்லாமே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எரிபொருளைச் சிக்கனப்படுத்த விரும்பும் எந்த ஆலையும் முதலில் கைவைக்கும் இடம் இதுதான்.

மாணவர் செய்ய வேண்டிய சோதனை எளிமையானது. இரு நீரோட்டங்களும் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் என்ன வெப்பநிலையில் இருக்கின்றன என்று அளக்க வேண்டும். சூடான நீர் இழந்த வெப்பமும் குளிர்ந்த நீர் பெற்ற வெப்பமும் சமமாக இருக்க வேண்டும் என்பது பாடநூல்.

ஓர் எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஓடும் சூடான நீர் 60 டிகிரியில் நுழைந்து 53 டிகிரியில் வெளியேறுகிறது என்க. அது இழந்த வெப்பம் ஏறத்தாழ 975 வாட். நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வீதம் ஓடும் குளிர்ந்த நீர் 25 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்கு ஏறுகிறது. அது பெற்ற வெப்பம் ஏறத்தாழ 940 வாட். நடுவில் 35 வாட் காணோம்.

இங்குதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. அந்த 35 வாட் எங்கே போனது? குழாயின் புறச்சுவர் வழியாக அறைக் காற்றில் கலந்திருக்கலாம். அப்படியானால், குழாயைச் சுற்றிக் காப்புறை போட்டால் குறைய வேண்டும். சற்றுப் பொறுமையுள்ள மாணவர் இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்ப்பார். சூடான நீரின் வெப்பநிலை வேறுபாட்டை அளப்பதில் வெறும் கால் டிகிரி பிழை இருந்தாலே 35 வாட் வித்தியாசம் வந்துவிடும். அப்படியானால் வெப்பம் உண்மையிலேயே தப்பிப் போனதா, அல்லது நம் வெப்பமானி பொய் சொல்கிறதா? எல்லா நீரோட்டங்களையும் ஒரே வெப்பநிலையில் ஓடவிட்டு, உணரிகள் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்று சோதித்தாலன்றி இதற்கு விடை கிடையாது. எளிய மெய்நிகர் ஆய்வகத்தில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே இழந்ததும் பெற்றதும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகும். நிரல் எழுதியவர் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தியிருந்தாலும், அது அவர் நினைத்த பிழையாகவே இருக்கும். யாரும் நினைத்துப் பார்க்காத பிழையைத் தருவது உண்மைக் கருவி மட்டுமே.

தொலைவிலிருந்து இயக்குவதற்கு வெப்பச் சோதனைகள் குறிப்பாகப் பொருந்தி வருவதற்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு. வெப்பம் மெதுவாக நகர்கிறது. அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் நெடுநேரம் சுடுவதை வீட்டில் எல்லோரும் அறிவோம். சூடேற்றியின் மின்சாரத்தைக் கூட்டினால், உலோகமோ நீரோ புதிய வெப்பநிலைக்கு வந்து நிலைகொள்ளப் பல நொடிகள், சில சமயம் பல நிமிடங்கள் ஆகும். இணையவழிச் செய்தி கடல் கடந்து போய்த் திரும்புவதற்கு ஆகும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடியில் சிறு பகுதிதான். கருவியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தாமதம் பொருட்டே இல்லை. விரைந்து சுழலும் மின்மோட்டாரையோ, செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டிய ஊசலையோ இதே இணைப்பில் தொலைவிலிருந்து நொடிக்கு நொடி கட்டுப்படுத்த முயன்றால், நம் கட்டளை போய்ச் சேர்வதற்குள் ஊசல் விழுந்திருக்கும்.

இந்த உண்மையை நம் நாட்டிலேயே நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் மும்பை ஐஐடியினர். வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் குழு 'ஒற்றைப் பலகை வெப்பமூட்டி' என்று சொல்லத்தக்க ஒரு கருவியை உருவாக்கியது. பெயரில் உள்ள பெருமிதம் உருவத்தில் இல்லை. தீப்பெட்டியைவிடப் பெரிதாகாத ஒரு எஃகுத் தகடு. அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, சூடேற்றும் நிக்ரோம் கம்பிச் சுருள். பக்கத்தில், கணினிக்குள் இருக்குமே, அதுபோன்ற ஒரு சிறு மின்விசிறி. தகட்டின் வெப்பநிலையைச் சொல்ல ஓர் உணரி. இவற்றை ஆள ஒரு நுண்கட்டுப்படுத்தி. இவ்வளவுதான்.

சுருளுக்கு எவ்வளவு மின்சாரம், விசிறிக்கு எவ்வளவு வேகம் என்ற இரண்டே கட்டளைகள். கிடைப்பது ஒரே ஓர் எண்: தகட்டின் வெப்பநிலை. ஆனால், அந்த ஓர் எண்ணை 45 டிகிரியில் நிலைநிறுத்து என்று ஒரு மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். சூட்டைக் கூட்டினால் உடனே ஏறாது. ஏறவில்லையே என்று இன்னும் கூட்டினால், தாண்டிப் போய்விடும். விசிறியை ஓட்டினால் அளவுக்கு மீறிக் குளிரும். பண்டம் விலையேறியதைப் பார்த்துப் பயிர்செய்த உழவர், அறுவடையின்போது விலை வீழ்ந்து நிற்பதைப் பொருளாதாரத்தில் சிலந்தி வலை மாதிரி என்று பாடம் நடத்துவோம். தாமதத்தோடு வரும் விளைவைப் பார்த்து அவசரப்பட்டுச் செயல்படுபவர் படும் பாடு இரண்டிலும் ஒன்றேதான். தாமதத்தைக் கணக்கில் எடுத்து எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதுதான் அந்த மாணவர் கற்க வேண்டிய கலை.

மும்பை முறையில் என்னைக் கவர்ந்த அம்சம், கட்டுப்படுத்தும் நிரல் மாணவரின் கணினியில் இயங்குகிறது என்பதாகும். 'சைலேப்' என்னும் கட்டற்ற மென்பொருளில் மாணவர் தாமே நிரல் எழுதுகிறார். அந்த நிரல் நொடிக்கு ஒருமுறை மும்பையிலிருந்து வெப்பநிலையை வாங்கி, அடுத்த கட்டளையைக் கணக்கிட்டு, திருப்பி அனுப்புகிறது. யாரோ எழுதி வைத்த பொத்தானை அழுத்தும் வேலையாக அது நின்றுவிடுவதில்லை. விலைகொடுத்து உரிமம் வாங்க வேண்டிய மென்பொருளும் தேவையில்லை. பரிமாறப்படுபவை சில எண்கள் மட்டுமே என்பதால், ஒரு நிமிடக் காணொலிக்குச் செலவாகும் இணையத் தரவுகூட ஒரு மணி நேரச் சோதனைக்கு வேண்டாம். கிராமத்து மாணவருக்கு இது சிறிய செய்தியன்று.

அறையில் பல வெப்பமூட்டிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். மாணவர் முன்பதிவு செய்த மணி நேரத்துக்கு ஒன்று அவர் வசம் வரும். ஒரே அச்சில் செய்தவையாயினும் இரண்டு கருவிகள் முற்றிலும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. ஒரு கருவியில் கண்டறிந்த மாறிலிகளை அடுத்த கருவிக்கு அப்படியே போட்டால் சற்றுப் பிசகும். அறையின் வெப்பநிலை மாறினாலும் தகட்டின் நடத்தை மாறும். சூடான பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்ற நியூட்டனின் விதியைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்கிறோம். பகலில் எடுத்த அளவும் இரவில் எடுத்த அளவும் ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அந்த விதியில் 'சுற்றுப்புறம்' என்ற சொல் எதற்கு இருக்கிறது என்பது விளங்கும்.

ஆளில்லாத அறையில் சூடேற்றியைத் தொலைவிலிருந்து இயக்குவது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. மாணவரின் இணைப்பு நடுவில் அறுந்துவிட்டால், கடைசியாக வந்த கட்டளைப்படி சுருள் காய்ந்துகொண்டே இருக்கக் கூடாது. எனவே, பாதுகாப்பை ஒருபோதும் இணையத்தின் பொறுப்பில் விடுவதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் புதிய கட்டளை வராவிட்டால் தானாகவே அணையும் ஏற்பாடும், வெப்பநிலை ஓர் எல்லையைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடும் கருவியின் அருகிலேயே இருந்தாக வேண்டும். நீர் ஓடும் பெரிய கருவிகளில், ஓட்டம் நின்றால் சூடேற்றியும் நிற்க வேண்டும். தொலைநிலை ஆய்வகம் அமைக்க முனையும் கல்லூரி முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான், கேமராவுக்கு அன்று.

இனி, முன்பு தள்ளிவைத்த கேள்வி. இவ்வளவு பயனுள்ளதென்றால், உண்மைக் கருவியை இயக்கும் ஆய்வகங்கள் ஏன் சிறுபான்மையாக இருக்கின்றன?

மெய்நிகர் ஆய்வகம் என்பது பொருளியலார் சொல்லும் பொதுப் பண்டத்துக்கு அருகில் வருவது. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைந்துவிடாது. ஒருமுறை நிரல் எழுதிவிட்டால், நூறு பேருக்கும் லட்சம் பேருக்கும் ஏறத்தாழ ஒரே செலவுதான். தொலைநிலை ஆய்வகம் அப்படியன்று. சூடேற்றி ஒருவரின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் நேரத்தில் இன்னொருவருக்குக் கீழ்ப்படிய முடியாது. ஜேம்ஸ் புக்கானன் 1965-இல் 'கிளப் பண்டம்' என்று வகுத்த இனத்தில் இதைச் சேர்க்கலாம். நீச்சல் குளத்தைப்போல, உறுப்பினர் எண்ணிக்கை ஓரளவுக்கு மேல் போனால் நெரிசல் வந்துவிடும்.

நெரிசல் எப்போதும் வராது என்பதுதான் தொல்லை. பருவத்தின் தொடக்கத்தில் கருவி காற்று வாங்கும். பதிவேடு ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்குக்கூட இடம் கிடைக்காது. மின்வாரியம் மாலைநேர உச்சத் தேவையைச் சமாளிக்கப் படும் அதே பாடுதான். முன்பதிவு செய்துவிட்டு வராமல் இருந்துவிடுகிறவர்கள் வேறு. ரயில் பயணத்தில் நாம் நன்கறிந்த நோய் இது.

எம்ஐடி குழுவினர் இதைக் கருதிச் சோதனைகளை வகைபிரித்தார்கள். சில சோதனைகளில், மாணவர் எல்லா அளவுருக்களையும் முன்கூட்டியே குறித்து அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கருவி வரிசைப்படி அவற்றைச் செய்து முடித்து விடையை அனுப்பும். தெல் அலாமோவின் மின்னணுச் சோதனைகள் இவ்வகை. ஓர் அளவீடு சில நொடிகளில் முடிவதால் ஒரே கருவி ஒரு வகுப்பு முழுமைக்கும் ஈடுகொடுக்கும். வெப்பப் பரிமாற்றிச் சோதனை அப்படி அனுப்பிவிட்டுப் போகக்கூடியதன்று. மாணவர் கூடவே இருந்து பார்த்து, மாற்றி, காத்திருக்க வேண்டும். வெப்பம் மெதுவானது என்பது இணையத் தாமதத்தைப் பொறுத்தவரை வரம். வரிசையைப் பொறுத்தவரை சாபம்.

இதைவிடப் பெரிய தடை பராமரிப்பு. நம் கல்வித் திட்டங்களில் கருவி வாங்க நிதி கிடைத்துவிடும். அதை ஐந்தாண்டுகள் ஓட வைக்க நிதி கிடைக்காது. மூலதனச் செலவுக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப் பலகை உண்டு. உப்புப் படிந்த குழாயைக் கழுவுவதற்கும், எரிந்துபோன சுருளை மாற்றுவதற்கும், நின்றுபோன கணினியை மீண்டும் இயக்குவதற்கும் விழா கிடையாது. அந்த வேலையைச் செய்யும் ஆய்வக உதவியாளரின் பணியிடம் காலியானால் நிரப்பப்படுவதும் அரிது. கருவியை எட்ட இருந்து இயக்குபவருக்கு, அதன் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது கூடுதலாகவே தேவைப்படுகிறது என்பதைத் திட்டம் தீட்டுபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

மென்பொருளுக்கும் துரு ஏறும். 2000-களில் உலகெங்கும் கட்டப்பட்ட தொலைநிலை ஆய்வகங்கள் பல, உலாவிக்குள் இயங்கும் ஜாவா ஆப்லெட், ஃபிளாஷ் போன்ற நுட்பங்களை நம்பியிருந்தன. உலாவிகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஃபிளாஷின் ஆயுளும் முடிந்தது. குழாய்களும் உணரிகளும் நல்ல நிலையில் இருந்தாலும், கதவைத் திறக்கும் சாவி செல்லாக்காசாகிவிட்டால் என்ன செய்வது? கருவியின் தேய்மானத்தைக் கணக்கில் எழுதும் நாம், மென்பொருளின் தேய்மானத்தையும் எழுதப் பழக வேண்டும்.

ஆப்பிரிக்க அனுபவம் ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. நைஜீரியாவின் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகம், உகாண்டாவின் மக்கெரேரே, தான்சானியாவின் தார்-எஸ்-சலாம் ஆகிய மூன்றும் எம்ஐடியின் ஆய்வகங்களைத் தொலைவிலிருந்து பயன்படுத்தும் கூட்டு முயற்சியில் 2000-களின் நடுவில் சேர்ந்தன. அன்று அவர்களுக்கு வாய்த்த இணைய இணைப்பு மிகக் குறுகலானது. அந்த நிலையிலும் அவர்கள் அமெரிக்கக் கருவியைக் கடன் வாங்கிப் பயன்படுத்துவதோடு நின்றுவிடவில்லை. அதே மென்பொருள் கட்டமைப்பைக் கொண்டு, தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ற ஆய்வகங்களைத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். தொலைநிலை ஆய்வகத்தால் விளையக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுவென்றே நான் கருதுகிறேன். அதைக் கட்டி முடிக்கும் மாணவர், அதை இயக்கும் மாணவரைவிடப் பல மடங்கு கற்றுக்கொள்கிறார்.

சரி, தொலைவிலிருந்து செய்தால் கற்பது குறையாதா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் யூவன் லிண்ட்சே, மால்கம் குட் ஆகியோர் ஒரே சோதனையை மூன்று பிரிவினருக்குக் கொடுத்தார்கள்: கருவியின் அருகிலிருந்து செய்தவர்கள், தொலைவிலிருந்து செய்தவர்கள், கணினிப் பாவனையில் செய்தவர்கள். 2005-இல் வெளியான அவர்களின் முடிவு ஒருசார்பாக இல்லை. சில கற்றல் பயன்கள் அருகில் இல்லாதபோது கூடின. வேறு சில குறைந்தன. எதைக் கற்பிக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே எந்த வழி சிறந்தது என்பது அமையும் என்பதுதான் இதிலிருந்து கொள்ளத்தக்கது.

குறைவது எது என்று ஊகிப்பது கடினமன்று. குழாயில் காற்று சிக்கிக்கொண்டால் வரும் களகள ஓசை திரையில் கேட்காது. நீர் கசியும் இணைப்பை இறுக்கிப் பழகிய கை, எண்களைப் பார்த்துப் பழகிய கண்ணிடமிருந்து வேறுபட்டது. உணரி தன் இடத்திலிருந்து நழுவியிருப்பதைக் கருவியின் அருகில் நிற்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். தொலைவில் இருப்பவரோ அந்தத் தவறான எண்ணை வைத்து அரைமணி நேரம் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார். பொறியாளராகப் போகிறவர் ஒருமுறையாவது கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும் என்று பழைய பேராசிரியர்கள் சொல்வதை நான் பழமைவாதம் என்று ஒதுக்கமாட்டேன்.

எனவே, தொலைநிலை ஆய்வகத்தைக் காட்டி, 'எங்களுக்கு இனிக் கருவியே தேவையில்லை' என்று ஒரு கல்லூரி சொல்ல இடம் கொடுத்துவிடக் கூடாது. கட்டணம் வாங்கும் கல்லூரிக்குச் செலவைக் குறைக்க ஒரு வழி கிடைத்தால், அதன் பலன் மாணவரைச் சென்றடையும் என்று நம்புவதற்குக் காரணமில்லை. அங்கீகாரம் வழங்கும் அமைப்புகள் இதில் தெளிவான கோடு கிழிக்க வேண்டும். அடிப்படைச் சோதனைகளை மாணவர் தம் கையால் செய்தாக வேண்டும். விலையுயர்ந்த, அல்லது திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டிய சோதனைகளுக்குத் தொலைவழியைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று மணி நேர வகுப்பில் ஒரே ஒருமுறை, ஆறு பேர் சுற்றி நிற்க, ஒருவர் அளவெடுக்க, மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் இப்போதைய முறையில் அந்த ஐவருக்குக் கிடைப்பது என்ன என்று பார்த்தால், தனியே ஒரு மணி நேரம் கருவி கைவசம் இருப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

தமிழகத்தில் இதைத் தொடங்கப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. நல்ல ஆய்வகம் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் மாலை ஆறு மணிக்குமேல் தங்கள் கருவிகளில் ஒன்றிரண்டைப் பிற கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிடலாம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு இருநூறு நாள் என்றாலும், ஒரு கருவி இரண்டாயிரம் மாணவர்களுக்கு ஆளுக்கொரு மணி நேரம் கிடைக்கும். சிறிய பரிமாற்றி ஒன்றுக்கு ஆகும் மின்செலவு மணிக்கு ஓரிரு யூனிட்தான். பயன்படுத்தும் கல்லூரி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சிறு தொகையைச் செலுத்தட்டும். மாணவரிடம் அது வசூலிக்கப்படக் கூடாது. அந்தத் தொகை பொதுக் கணக்கில் கரையாமல், உதவியாளரின் ஊதியத்துக்கும் உதிரிப் பாகங்களுக்கும் போகும்படி தனியே வைக்கப்பட வேண்டும். பதிவேடு ஒப்படைக்கும் தேதிகளைக் கல்லூரிக்குக் கல்லூரி மாற்றி அமைத்தாலே நெரிசல் பாதி தீர்ந்துவிடும். அதற்குக் காலணாச் செலவில்லை.

இன்னொரு பயனும் உண்டு. தொலைவிலிருந்து செய்யும் ஒவ்வொரு சோதனையையும் வழங்கி தானே குறித்துக்கொள்கிறது: எந்த மாணவர், எந்தக் கருவி, எந்த நாள், எத்தனை மணிக்கு என்ன கட்டளை கொடுத்தார், நொடிக்கு நொடி என்ன வெப்பநிலை வந்தது என்று. செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர், மாணவரின் பதிவேட்டை அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 35 வாட் எங்கே போயிற்று என்று அவர் கேட்டால், சோதனை செய்தவர் ஏதாவது ஒரு விடை சொல்வார். பெயர்த்தெழுதியவருக்குக் கேள்வியே புரியாது.